மணலையும் மழையையும் படித்த மனிதர்

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் நின்று சுற்றிலும் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது பாறைதான். வயல்களின் நடுவே முதுகைக் காட்டிக் கிடக்கும் பாறை சற்றுத் தொலைவில் நார்த்தாமலைக் குன்றுகளாக எழுந்து, விஜயாலய சோழீச்சுரத்தைத் தாங்கி நிற்கிறது. நிலத்தில் செடிகொடிகள் பரவுவதற்கு முன்பே, பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. மணற்கல் வேறு வகையைச் சேர்ந்தது. ஆனாலும் மணற்கல்லின் கதையைச் சொல்லத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனெனில், உலகின் மணற்கற்கள் பெரும்பாலும் இத்தகைய பாறைகளின் சிதைவிலிருந்து பிறந்தவையே.

வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும்போது இப்பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. கடினமான குவார்ட்ஸ் மணிகள் மட்டும் தனித்து உதிர்கின்றன. ஓடை அவற்றை உருட்டிச் செல்கிறது. குளத்தூர் வட்டாரத்தில் தோன்றும் அக்கினியாறு இன்றும் அந்த மணலைக் கிழக்கே பாக் நீரிணையை நோக்கிச் சுமந்து செல்கிறது. ஓரிடத்தில் தங்கிய மணலின் மேல் மேலும் மணல் படிந்து, அது ஆழப் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்காவோ சுண்ணமோ மணிகளை ஒன்றோடொன்று பிணைக்கும்போது மணற்கல் உருவாகிறது.

ஆகவே ஒரு மணற்கல்லைப் படிப்பது, மறைந்துபோன ஓர் ஆற்றைப் படிப்பதாகும். அந்த ஆறு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகமாக ஓடியது, அந்நாளில் வெயில் அடித்ததா, பனி உறைந்ததா என்பவை எல்லாம் மணிகளின் அளவிலும் அடுக்கிலும் பதிந்திருக்கும். இந்திய மண்ணில் இந்தப் படிப்பைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. நிலவியல் அறிஞர்கள் அவரைத் தங்களவர் என்கிறார்கள்; வானிலை அறிஞர்கள் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு துறைகளிலும் தமிழகத்துக்கு அவர் விட்டுச்சென்றது அதிகம். நாம் அவரை நினைவில் வைத்திருப்பதுதான் குறைவு.

தால்ச்சேர் தந்த புதிர்

1834 ஜூன் 3 அன்று லண்டனில் பிறந்தவர் ஹென்றி. அண்ணன் வில்லியம் தாமஸ் அவரைவிட ஏறத்தாழ இரண்டு வயது மூத்தவர். தந்தை வீட்டை ஒட்டியே ஒரு தொழிற்கூடம் நடத்திவந்தார். 1851இல் லண்டனில் அரசுச் சுரங்கவியல் பள்ளி தொடங்கப்பட்டதும் சகோதரர்கள் இருவரும் அங்கே சேர்ந்தனர். பின்னர் சாக்சனியில் உள்ள ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்திலும் ஹென்றி பயின்றார்.

அதே 1851இல் கல்கத்தாவில் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை உருவாகியிருந்தது. அதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. நீராவிக் கப்பல்களுக்கும், போடப்பட்டுக்கொண்டிருந்த இருப்புப் பாதைகளுக்கும் நிலக்கரி வேண்டும். அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். 1855இல் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இருவரும் அத்துறையில் சேர்ந்து கல்கத்தா வந்திறங்கினார்கள். முதல் பணி, ஒடிசாவில் பிராமணி ஆற்றுப் பகுதியில் உள்ள தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராய்வது. வில்லியம் தியோபால்டும் உடன் சென்றார்.

அக்கால ஐரோப்பியருக்கு நிலக்கரி என்றால் கார்பானிஃபெரஸ் காலம் என்றே பொருள். இன்றைய கணக்கில் சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அதன் பெரும்பகுதியில் வட இங்கிலாந்து நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. வடக்கே இருந்த மலைகளிலிருந்து பேராறுகள் இறங்கி, ஆழமற்ற கடலில் பரந்த கழிமுகங்களை உருவாக்கின. கழிமுகத்தில் கொட்டிய பருமணல் மணற்கல்லானது. சதுப்புக் காடுகள் மடிந்து நிலக்கரியாயின. திரிகைக் கற்கள் செய்யப் பயன்பட்டதால் திரிகை மணற்கல் என்றே பெயர் பெற்ற பாறை அங்கே உண்டு. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, அதில் சாய்வாக அமைந்த சிறு படுகைகளின் திசையை இடம் இடமாக அளந்து, மணலைக் கொண்டுவந்த நீரோட்டம் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 1859இல் காட்டினார். ஆற்று மணல்திட்டின் மேல்புறம் மெல்ல ஏறி, கீழ்ப்புறம் செங்குத்தாகச் சரியும் என்பது காவிரிக் கரையில் விளையாடிய எவருக்கும் தெரியும். அந்தச் சரிவு கல்லாக உறைந்தால், நீர் ஓடிய திசையைக் கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அது காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாடத்தைக் கற்று வந்த இளைஞர்கள் தால்ச்சேரில் கண்டது வேறு. நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, அடித்தளப் பாறையின் மேல், பசுமை படர்ந்த மென்மையான வண்டல் படிவு கிடந்தது. அந்த வண்டலுக்குள் ஆங்காங்கே பெரும் பாறாங்கற்கள் பதிந்திருந்தன. இது எப்படி நேர்ந்தது? பாறாங்கல்லை உருட்டிவரும் வேகமுள்ள ஆறு, மென்வண்டலைத் தங்கவிடாது, அடித்துக்கொண்டு போய்விடும். மென்வண்டல் படியும் அளவுக்கு அசைவற்ற நீர், பாறாங்கல்லைச் சுமந்து வராது. இரண்டும் ஒரே படிவில் இருக்கின்றன என்றால், நீரின் வேகத்தைச் சாராத வேறொரு சுமைதூக்கி அங்கே இருந்திருக்க வேண்டும்.

அது பனிக்கட்டியாகவே இருக்க முடியும் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். உறைந்த நீர் கரையோரக் கற்களைப் பற்றிக்கொண்டு மிதந்துவந்து, உருகும்போது அவற்றை அடியில் படிந்துகொண்டிருந்த வண்டலுக்குள் போட்டுவிட்டது என்பது அவர்களின் விளக்கம். வெயில் சுட்டெரிக்கும் ஒடிசாவில் ஒரு காலத்தில் பனி உறைந்து கிடந்தது என்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இருவர் சொன்னதைப் பலரும் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். சான்று வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் பகுதியில், பெண்கங்கை ஆற்றை ஒட்டிய இராய் என்னும் ஊரில், பனியாறு தேய்த்து வரிவரியாகக் கீறிய அடித்தளப் பாறையைப் பிரான்சிஸ் ஃபெட்டன் கண்டறிந்தார். அந்த விவரம் 1875இல் வெளியானது. கார்பானிஃபெரஸ் காலத்தின் இறுதியிலும் அடுத்து வந்த பெர்மியன் காலத்தின் தொடக்கத்திலும் இந்தியாவின் பெரும்பகுதியைப் பனி மூடியிருந்தது என்பதை இன்று பள்ளி மாணவரும் படிக்கிறார்.

தால்ச்சேரின் மணற்கற்களே இதற்கு இன்னொரு சாட்சி. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் ஃபெல்ட்ஸ்பார் விரைவில் களிமண்ணாகிவிடும் என்று மேலே பார்த்தோம். தால்ச்சேர் மணற்கல்லிலோ அது சிதையாமல், புதிதாக உடைத்தது போலவே கிடைக்கிறது. அந்தப் பாறையை உடைத்தது மழையின் வேதியியல் அன்று, உறைபனியின் உளி. பனி உருகிய பின்னர் நிலை மாறியது. பல கிளைகளாகப் பிரிந்து பிரிந்து ஓடிய ஆறுகள் பருமணலையும் கூழாங்கற்களையும் அடுக்கடுக்காகக் கொட்டின. அவற்றின் ஓரத்துச் சதுப்புகளில் குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலை கொண்ட தாவரங்கள் செழித்து, மடிந்து, நிலக்கரியாயின. பனிப்படிவு, அதன் மேல் மென்வண்டல், அதன் மேல் மணற்கல்லும் நிலக்கரியும் என்னும் இந்த வரிசையைப் பிரித்தறிந்து பெயரிட்டது தால்ச்சேர் ஆய்வு. பின்னாளில் கோண்ட்வானா என்று பெயர் பெற்ற மாபெரும் பாறைத் தொகுதியின் முதல் பக்கம் அங்கேதான் புரட்டப்பட்டது.

திருச்சிராப்பள்ளியின் கடல்

தால்ச்சேருக்குப் பின் ஹென்றி தெற்கே அனுப்பப்பட்டார். நீலகிரியின் பாறை அமைப்பை ஆராய்ந்து எழுதினார். பின்னர் 1857 முதல் 1860 வரை திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு மாவட்டங்களில் அலைந்தார். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் எனப் பருத்தியும் சோளமும் விளையும் நிலங்களில் கடற்சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடப்பது 1840களிலேயே தெரிய வந்திருந்தது. அவை எந்த வரிசையில் படிந்தன, ஒரே கடலின் படிவா, பல காலத்துக் கடல்களின் படிவா என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை.

ஹென்றி அந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். 1862இல் வெளியான அவருடைய ஆய்வேடு, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே உள்ளே வந்ததையும், ஆழம் மாறியதையும், மீண்டும் பின்வாங்கியதையும் படிப்படியாகக் காட்டியது. தொல்லுயிர்ப் படிமங்களில் பெலம்னைட், நாட்டிலஸ் வகைகளை அவரே ஆராய்ந்து விவரித்தார். திருத்தங்கள் பல வந்த பின்னரும், 160 ஆண்டுகளுக்குப் பின்னும், காவிரிப் படுகையை ஆராயும் எவரும் அவர் வைத்த பெயர்களைச் சொல்லாமல் தொடங்க முடிவதில்லை.

அதே ஆய்வில் கடலூரை ஒட்டிய சிவந்த மணற்கற்களைத் தனியே பிரித்து, கடலூர் மணற்கல் என்று பெயரிட்டவரும் அவரே. திருவக்கரையின் கல்மரங்கள் அந்தப் பாறைத் தொகுதியில் கிடைக்கின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அதனுள்தான் இருக்கிறது. அதே தொகுதி தெற்கே தஞ்சாவூர் வழியாகப் புதுக்கோட்டையின் கிழக்குப் பகுதி வரை, செம்புராங்கல் மேற்போர்வையோடு தொடர்கிறது. அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிலவியலை, பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1879இல் எழுதி வெளியிட்டார். குளத்தூரின் பழம்பாறை கிழக்கே எந்த இடத்தில் இளம் மணற்கல்லுக்கு வழிவிடுகிறது என்பதை இன்று நாம் வரைபடத்தில் காண முடிகிறது என்றால், அதற்கு அடிப்படை அந்தத் தலைமுறையின் உழைப்பு.

பாறையிலிருந்து வானத்துக்கு

வெளிப்பணியின் கடுமை ஹென்றியின் உடல்நலத்தைக் குலைத்தது. 1862இல் ஆய்வுத் துறையிலிருந்து விலகி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளிகளுக்கென்று இயற்கைப் புவியியல் பாடநூலும் எழுதினார். அவர் ஆசிரியராகவே வாழ்ந்து ஓய்வு பெற்றிருக்கலாம். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல் அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்தில் புகுந்த கடல் அலையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் புயலைப் பற்றிய அறிக்கையை காஸ்ட்ரெல் என்னும் அதிகாரியோடு சேர்ந்து எழுதும் பொறுப்பு ஹென்றிக்கு வந்தது.

கப்பல்களின் பதிவேடுகளையும் கரையோரக் காற்றழுத்த அளவுகளையும் ஒன்றுசேர்த்து, புயல் பிறந்த இடத்தையும் நகர்ந்த பாதையையும் அந்த அறிக்கை காட்டியது. பாறையில் பதிந்த சாய்படுகையைப் பார்த்துப் பழைய நீரோட்டத்தைக் கண்டறியும் கண்ணுக்கு, சிதறிய அளவுகளிலிருந்து காற்றின் ஓட்டத்தைக் கண்டறிவது அந்நியமான வேலையாக இருந்திருக்காது. 1867இல் வங்க அரசின் வானிலை அலுவலரானார். 1875இல் நாடு முழுவதற்குமான இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். ஒவ்வொரு மாகாணமும் தன் போக்கில் தனித்தனிக் கருவிகளை வைத்துத் தனித்தனி முறைகளில் அளந்துகொண்டிருந்த காலம் அது. கருவிகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, அளவுகளை ஒப்பிடத்தக்கவையாக்கியதே அவருடைய முதல் சாதனை. 2025இல் தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடிய அத்துறையின் அடித்தளம் அது.

தாது வருடமும் இமயப் பனியும்

பதவியேற்ற மறு ஆண்டே சோதனை வந்தது. 1876இல் மழை பொய்த்தது. தக்காணமும் தமிழகமும் பஞ்சத்தில் வீழ்ந்தன. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு நினைவுகூர்ந்தது இதைத்தான். 1878 வரை நீடித்த அதில் இந்தியா முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. புதுக்கோட்டையும் தப்பவில்லை.

மழை பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி அரசை உலுக்கியது. பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் 1880ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி, அந்தப் பொறுப்பு ஹென்றியிடம் வந்து சேர்ந்தது. அவர் பார்வை மீண்டும் பனியின் பக்கம் சென்றது. இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பனி பெய்து, நெடுநாள் உருகாமல் கிடந்தால், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நீடிக்கிறது. நிலம் போதிய அளவு வெப்பமடைவதில்லை. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பலவீனமாகிறது என்பது அவர் கண்ட தொடர்பு. 1884இல் லண்டன் அரச கழகத்தின் வழியாக இதை வெளியிட்டார். 1882 முதல் சோதனை முறையில் கணித்துப் பார்த்துவந்த அவர், 1886 ஜூனில் முறையான பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். ஒரு முழுப் பருவத்தின் மழையை அறிவியல் முறையில் முன்கூட்டிச் சொல்லும் முயற்சி உலகிலேயே அங்கேதான் தொடங்கியது.

இதைப் போற்றும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததற்கு மழையின்மை மட்டும் காரணம் அன்று. பஞ்சம் நிலவிய ஆண்டுகளிலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. நிவாரணக் கூலியும் உணவும் உயிர் வாழப் போதாத அளவுக்குக் குறைக்கப்பட்டன. முன்னறிவிப்பு ஓர் அரசுக்கு அவகாசம் தரும், இரக்கத்தைத் தராது. ஹென்றி பணியாற்றிய அரசு எதற்காக நிலக்கரியைத் தேடியதோ அதே கணக்குப் புத்தகத்தோடுதான் பஞ்சத்தையும் அணுகியது. அவருடைய அறிவை மதிப்பதற்கு அந்த ஆட்சியை மன்னிக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டை வேறொரு பாடத்தைத் தருகிறது. பஞ்சம் முடிந்த 1878இல் இந்தச் சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்றார் சேஷய்ய சாஸ்திரி. குளங்களையும் ஊருணிகளையும் தூர்வாரிச் சீரமைத்தது அவர் பெயரை இன்றும் நிலைக்கச் செய்திருக்கிறது. ஒருவர் மழை எப்போது வரும் என்று கண்டறிய முயன்ற அதே ஆண்டுகளில், இன்னொருவர் வந்த மழையைத் தேக்கிவைக்க முயன்றார். இரண்டும் சேர்ந்தால்தான் பஞ்சத்துக்கு மாற்று.

மூழ்கிய கண்டமும் நகர்ந்த கண்டமும்

வானிலைத் துறைக்கு வந்த பின்னும் ஹென்றி பாறைகளை விட்டுவிடவில்லை. துறையின் தலைவரான அதே 1875இல், இந்தியாவின் தாவரப் படிமப் பாறைகளின் வயதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரே வகைத் தாவரங்களும், ஒரே வகைப் பாறாங்கல் படிவுகளும், நெருங்கிய உறவுள்ள ஊர்வன விலங்குகளும் காணப்படுவதைச் சுட்டிக்காட்டி, இந்தியப் பெருங்கடலின் இடத்தில் ஒரு காலத்தில் இரு நிலங்களையும் இணைத்த கண்டம் இருந்தது என்று வாதிட்டார். இந்தியாவின் முதன்மையான நிலக்கரிப் பாறைகள் ஐரோப்பாவின் கார்பானிஃபெரஸ் நிலக்கரியைவிட இளையவை, பெர்மியன் காலத்தவை என்ற முடிவுக்கும் வந்தார். அந்த வயதுக் கணிப்பு இன்றும் நிற்கிறது.

இணைந்திருந்தன என்பதில் அவர் சரி. இணைத்த நிலம் கடலில் மூழ்கிவிட்டது என்பதில் அவர் தவறு. 1885இல் எடுவர்ட் சூஸ் அந்தப் பெருநிலத்துக்குக் கோண்ட்வானா நிலம் என்று பெயரிட்டார். 1912இல் ஆல்ஃபிரெட் வேகனர், நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே விலகி நகர்ந்தன என்றார். அவர் சொன்னது ஏற்கப்பட மேலும் அரை நூற்றாண்டு ஆனது. தால்ச்சேரில் பனி உறைந்தபோது இந்தியா தென்துருவத்துக்கு அருகே கிடந்தது. கார்பானிஃபெரஸ் காலத்தின் பெரும்பகுதியில் வட இங்கிலாந்து நிலநடுக்கோட்டருகே வெப்பமண்டலக் கழிமுகமாக இருந்தது. மணற்கற்கள் அங்கே வெப்பத்தையும் இங்கே குளிரையும் பதிவுசெய்ததன் காரணம் இதுவே.

மூழ்கிய கண்டம் என்ற கருத்து நமக்கு அறிமுகமானதுதான். 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் விலங்குகளின் பரவலை விளக்க முன்வைத்த லெமூரியா, ஹென்றியின் இந்திய-ஆப்பிரிக்க நிலப்பாலம் ஆகியவை போன்ற கருதுகோள்கள் தமிழறிஞர்களை எட்டியபோது, பழைய உரைகள் சொல்லும் கடல்கோள் செய்திகளோடு கலந்து குமரிக்கண்டம் என்ற பெருங்கதையாக வளர்ந்தன. ஹென்றி பேசிய நிலம் மனிதன் தோன்றுவதற்கு இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதில் நகரமும் இல்லை, சங்கமும் இல்லை. நாக்கு வடிவ இலைகளும் ஊர்வனவும்தான் இருந்தன. கடல்கோள் நினைவுகளை ஆராய்வது நம் உரிமை. அதற்கு அவருடைய பாறைகளைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

மழைக் கணிப்பிலும் அவர் முழுமையாக வென்றார் என்று சொல்ல முடியாது. இமயப் பனியும் பருவமழையும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே விதமாக இணைந்து நடப்பதில்லை. பின்னர் வந்த கில்பர்ட் வாக்கர் உலகின் பல மூலைகளில் உள்ள காற்றழுத்தங்களைப் பருவமழையோடு ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலின் பங்கை நாம் அறிய வழிவகுத்தார். எல் நினோ பற்றிய இன்றைய அறிவு அந்தப் பாதையில் வந்தது. பாதையின் முதல் கல் ஹென்றி நட்டது.

1889இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், 1893 ஜனவரி 23 அன்று ஃபோக்ஸ்டனில் காலமானார். வயது 58. அண்ணன் வில்லியம் இந்திய விலங்குகளைப் பற்றிய பெருநூல் வரிசையின் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்று 1905 வரை வாழ்ந்தார்.

நாம் செய்ய வேண்டியது

ஹென்றி வாசித்த பக்கங்கள் இன்று நம் கண்முன்னே கிழிபடுகின்றன. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சிமென்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. அதோடு சேர்ந்து, அவர் வரிசைப்படுத்திய கடற்படிவுகளும் அவற்றில் உறங்கும் உயிர்களும் அரைபடுகின்றன. சிமென்டு வேண்டாம் என்று சொல்வது நேர்மையாகாது. நாம் வாழும் வீடுகள் அதனால் கட்டப்பட்டவை. ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓரிரு வெட்டுமுகங்களையாவது வேலியிட்டுக் காப்பதும், சுரங்கம் தோண்டும் முன் நிலவியலாளர் பார்த்துப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்குவதும் இயலாத செயல்கள் அல்ல. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, காரையின் செம்மண் ஓடைச் சரிவுகளுக்கும் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

ஆற்று மணலின் நிலையும் அதுவே. மணல் ஒரு கட்டுமானப் பொருள் என்ற அளவில்தான் நம் பேச்சு நின்றுவிடுகிறது. பாறையிலிருந்து உதிர்ந்த ஒரு மணி ஆற்றுப் படுகையில் வந்து தங்குவதற்கு ஆகும் காலத்தோடு, ஒரு லாரி அதை அள்ளிச் செல்லும் காலத்தை ஒப்பிட்டால் போதும். இழப்பின் அளவு விளங்கும். மணல் நீங்கிய ஆறு வெள்ளத்தைத் தேக்காது, ஊற்றையும் தராது. மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடமே கிணறுகளை நிரப்பும் களஞ்சியம் என்பது நிலவியலின் முதல் பாடங்களுள் ஒன்று.

நம் பாடநூல்கள் பனியுகத்தையும் கோண்ட்வானாவையும் எங்கோ தொலைவில் நடந்த செய்திகளாகச் சொல்கின்றன. குளத்தூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், மாணவர்களை ஊருக்கு வெளியே உள்ள பாறையருகே அழைத்துச் சென்று, உதிர்ந்த குவார்ட்ஸ் மணிகளைக் கையில் கொடுத்து, மழை நின்ற மறுநாள் வரத்துக்கால்வாயில் பருமணல் எங்கே தங்கியது, வண்டல் எங்கே படிந்தது என்று பார்க்கச் சொன்னால், தால்ச்சேரில் அந்த இளைஞர்களைத் திகைக்கவைத்த கேள்வி அவர்களுக்கும் எழும். அதே பள்ளியில் ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் இருந்தால், ஹென்றியின் இரண்டாம் வாழ்க்கையும் அங்கே தொடங்கும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ஹென்றியின் பனிக் கணக்கு தென்மேற்குப் பருவமழைக்கானது. இவ்வூரின் குளங்கள் பெரிதும் நம்பியிருப்பது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை. அதை மாதங்களுக்கு முன்பே உறுதியாகச் சொல்வது இன்றைய அறிவியலுக்கும் கடினமான வேலைதான். முன்னறிவிப்பு தவறும் ஆண்டுகள் இனியும் வரும். அந்த ஆண்டுகளில் நம்மைக் காக்கப்போவது தூர்ந்துபோகாத குளமும், மணல் மிச்சமிருக்கும் ஆறும்தான்.